மீனைப் புரட்டிய எழுத்தர்

ஒரே ஒரு கடல் இருந்துச்சாம். கடலுக்கு ஒரு கரை, கரைமேல ஒரு சீனத் துறைமுகம். எல்லாம் இருந்த அந்த ஊருக்குப் பேர் மட்டும் இல்லையாம்.

இருந்த பேரைப் புது ராஜா பிடுங்கிக்கொண்டார். அது அவர் வம்சத்துப் பேராம். இனி ஊர்வாயில் வரக் கூடாதாம்.

ஊர் எழுத்தர் குவோ, பாய்மரத் துணி தைக்கும் ஷியூஹேயின் வீட்டுக்கு ஓடிவந்தார். அவருக்கு வயது ஐம்பது, அவளுக்கு முப்பது. ஆனாலும் அவள்தான் அவருக்குக் குரு.

"குருவே, ராஜதூதர் வந்து உட்கார்ந்திருக்கார். பொழுது சாயறதுக்குள்ள புதுப் பேர் வேணுமாம். இல்லேன்னா என் தலை போயிடும்!"

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

"மூணு நாளா வீட்டுக்கே போகாம எழுதினேன். நாற்பது பேர். தங்க வாசல், முத்து நகரம், நாகமணித் துறை..."

"இதுல எதை நம்ம ஜனங்க வாயால சொல்லுவாங்க?"

குவோ எழுதிய தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"சாப்பிடுங்க" என்று ஆவியில் வெந்த மீனை முன்னால் வைத்தாள்.

வெளியே காற்று கூரையைப் பிய்த்தது. மூலையில் நான்கு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் கடலுக்குப் போய் இரண்டு நாள்.

மேல்பக்கம் தின்று முடித்த குவோ, ஏதோ யோசனையில் மீனைப் புரட்டிப் போட்டார்.

ஊசிகள் நின்றன.

"ஐயோ, கவிழ்த்துட்டாரே!" என்றாள் ஒருத்தி.

படகு கடலில் இருக்கும்போது அந்தக் கரையில் யாரும் மீனைப் புரட்டமாட்டார்கள். முள்ளை எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைத் தின்பார்கள். குவோ மலைநாட்டுக்காரர்.

"செத்த மீனுக்கும் படகுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சிரித்தார்.

"ஒண்ணுமில்லை" என்றாள் குரு. "உங்க பையன் எங்கே?"

"லிஷெங்கா? வீட்லதான்."

"முந்தாநாள் என் வீட்டுக்காரரோட படகேறிப் போனான். சொன்னா நீங்க விடமாட்டீங்களாம்."

குவோவின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு, மீனை மெல்ல நிமிர்த்தி வைத்தார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

கரையில் பெண்களோடு அவரும் நின்றார். மடியில் இருந்த தாளின் நாற்பது பெயர்களும் மழையில் கரைந்து அங்கியில் மையாக வழிந்தன. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்.

"அலை ஓய்ஞ்சுதா?"

"இன்னும் இல்லை."

மதியம் தாண்டியதும் குவோவும் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டார். "அலை ஓய்ஞ்சுதாம்மா?"

மாலையில் காற்று விழுந்தது. ஒரு பாய் தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. போனவை ஏழு, வந்தவையும் ஏழு. கடைசிப் படகிலிருந்து, வாந்தியெடுத்து வெளுத்த முகத்தோடு லிஷெங் இறங்கினான்.

"கழுதை!" என்று ஓங்கிய கையாலேயே அவனைக் கட்டிக்கொண்டார் குவோ.

ராஜதூதர் வந்தார். "பொழுது சாய்ஞ்சாச்சு, எழுத்தரே. பேர்?"

மகன் தலையைத் துவட்டியபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "அலை ஓய்ந்த துறை."

"தங்கம் இல்லை, நாகம் இல்லை. எவன் சொல்லுவான் இதை?"

அப்போது ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அலை ஓய்ஞ்சுதா?"

"ஓய்ஞ்சிடுச்சுடி!" என்றது கரை முழுக்க.

தூதர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பேரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

குவோ குருவைத் தேடினார். அவள் ஈரப் பாயைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு புருஷனோடு கிளம்பியிருந்தாள்.

"பாதி மீன் மிச்சம் இருக்கு. பையனைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். "இப்போ புரட்டலாம்."

நடந்து போனாள்.