குருந்தனின் பங்கு

"பை சிறிசு அம்மை. எல்லா வினையும் அதனால்தான்."

கோட்டைசாமி சொல்லிவிட்டு, முதுகிலிருந்த பையைக் கழற்றி வேலாத்தாள் முன்னால் வைத்தான்.

வேலாத்தாள் மான் தோலைக் கத்தியால் வழித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவனைவிட நாலு வயசு இளையவள். ஆனாலும் அந்த மலையில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் குரு. அவள் தலையசைக்காமல் ஒருத்தனும் மேல் ஓடையைத் தாண்ட முடியாது. பையும் அவள் கையால்தான் வாங்க வேண்டும். கோட்டைசாமி அவளிடம் பாடம் கேட்க ஆரம்பித்து இருபது வருஷம் ஆகிறது. எவ்வளவு ஏறியது என்பது வேறு விஷயம்.

"பெரிசா ஒண்ணு வேணும். வளர்பிறையில காட்டுக்குப் போகணும்."

"யாரோட?"

"ஒருத்தனும் வர மாட்டேங்கிறான்."

எப்படி வருவான்? போன மாசம் அவனோடு போனவன் குருந்தன், கோட்டைசாமியின் தங்கை மாடத்தியின் புருஷன். ஐந்தாம் நாள் பாறையில் சறுக்கித் தொடை எலும்பு முறிந்தது. குருந்தனைப் பாறை இடுக்கில் சாய்த்து, பக்கத்தில் தண்ணீர்க் குடுவையை வைத்துவிட்டு, கோட்டைசாமி மட்டும் இறங்கினான். இறங்க இரண்டு நாள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஏற இரண்டு நாள்.

நாலு பேர் தேவைப்படவில்லை. மிருகங்கள் விட்டுவைத்ததைத் துண்டில் முடிந்து எடுத்துவர ஒருத்தனே போதுமாக இருந்தது.

"மாடத்தி என்ன சொல்றா?"

"என்ன சொல்வா? பை சிறிசும்மா, ஆளைத் தூக்கிட்டு வர வழியில்லைன்னு சொன்னேன். சரிண்ணேன்னா. அதுக்கப்புறம் எங்கிட்ட வாயே திறக்கலை."

"ம்."

"நீங்க ஒரு பை எடுத்துக் கொடுத்தா ஊர் வாய் மூடும் அம்மை. நாளைக்கே எவனாவது துணைக்கு வருவான்."

அதுதான் அவனுக்கு வேண்டியது. வேலாத்தாள் கையால் புதுப் பை வந்துவிட்டால், குற்றம் பழைய பையினுடையது என்று ஆகிவிடும்.

"உள்ளே தொங்குது. பார்த்து எடு."

மூன்று பைகள் தொங்கின. ஆண்கள் பை பார்ப்பது ஒரு அழகு. தையலை இழுத்துப் பார்ப்பார்கள், வாரை முறுக்கிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். கோட்டைசாமியும் எல்லாம் செய்தான். கடைசியில் இருப்பதிலேயே பெரியதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். மூங்கில் சட்டம், அதன்மேல் மாட்டுத் தோல்.

"இதுல என்ன வைப்பே?"

"அரிசி, உப்பு, மிளகாய் வத்தல். கயிறு, கத்தி. ஒரு கம்பளி."

"பாதிகூட நிறையாதே."

"மீதி இடம் திரும்பி வரும்போது வேணும்."

"எதுக்கு?"

"கறிக்கு."

"யார் பங்குக் கறி?"

கோட்டைசாமி நெஞ்சை நிமிர்த்தினான். இந்தக் கேள்விக்குப் பதில் அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

"துணைவன் பங்கு அம்மை."

அந்த மலையில் தன் பங்கைத் தானே சுமக்கக் கூடாது. உன் பங்கு துணைவன் முதுகில், அவன் பங்கு உன் முதுகில். அப்போதுதான் ஒருத்தனை விட்டு ஒருத்தன் இறங்க மாட்டான் என்று முன்னோர்கள் வைத்த முறை.

"அன்னிக்கும் முறை தவறலையே நீ?"

"தவறுவேனா? குருந்தன் பங்கை ஒரு துண்டு குறையாம கொண்டுவந்து மாடத்தி வாசல்ல இறக்கினேன். என் பங்கைத்தான் காட்டிலேயே விட்டுட்டு வந்தேன்."

பெரிய தியாகம் செய்தவன் குரலில் சொன்னான்.

"எவ்வளவு இருந்தது?"

"மிளாமான் தொடை ரெண்டு. பை பிதுங்கிப் போச்சு."

"மாடத்தி அதை என்ன செஞ்சா?"

கோட்டைசாமி புதுப் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான்.

"உப்புத் தடவி வெச்சா. அவர் வந்ததும் ஆக்கலாம்னு."

வேலாத்தாள் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள். எழுந்து வந்தாள். புதுப் பையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவன் கொண்டுவந்த பழைய பையை இழுத்து, முடிச்சுகளை அவிழ்த்தாள். தோல் தனியாக வந்துவிட்டது. மிஞ்சியது வாரோடு கூடிய மூங்கில் சட்டம். பாரம் நழுவாமல் இருக்க அதன் அடியில் ஒரு பலகை.

பலகையில் உட்கார்ந்தாள். இடுப்பைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக்கொண்டாள்.

"தூக்கு."

"இது பழசு அம்மை."

"தெரியும். நான் கட்டினதுதானே."

"நீங்க குருந்தனைவிடக் கொஞ்சம்..."

"கனம். சொல்லேன். என்னை என்ன பொண்ணா பார்க்க வந்திருக்கே?"

கோட்டைசாமி குத்தவைத்து வாரில் தோளை நுழைத்தான். முழங்கால் இரண்டும் சொடுக்கின. எழுந்துவிட்டான்.

"நட."

"எங்கே அம்மை?"

"கீழேதான். மேலே போய்ப் பிரயோசனம் என்ன?"

இறங்கினான். பத்து அடி, ஐம்பது அடி. சட்டம் கிறீச்சிட்டது. முறியவில்லை. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த வேலாத்தாளின் தலை அவன் தலையில் இடித்துக்கொண்டே வந்தது. சறுக்குப் பாறை வந்தது. பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினான். இருபது வருஷப் பழக்கம், உடம்பு அதுபாட்டுக்குச் செய்தது.

"தாங்குது அம்மை," என்றான்.

கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். சொன்னது காதில் விழுந்ததும் கால் நின்றுவிட்டது.



"இறக்கி விட்டுடறேன் அம்மை."

"குருந்தனையும் பாறை இடுக்குல அப்படித்தான் இறக்கி விட்டே. நட."

"ஊத்துப் பக்கம் பொம்பளைங்க இருப்பாங்க."

"இருக்கட்டும்."

பாதை ஊற்றுக்குத்தான் இறங்கியது. அந்த நேரத்துக்கு அங்கே ஏழெட்டுப் பெண்கள். முதலில் ஒருத்தி பேச்சை நிறுத்தினாள், அப்புறம் அடுத்தவள். 

மாடத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அண்ணனைப் பார்த்தாள். தோலில்லாத பழைய சட்டத்தைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருந்த வேலாத்தாளின் பருமனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

குடத்தைக் கீழே வைத்தாள்.

"கனக்கலையாண்ணே?" என்று கேட்டாள்.