மிளகளவு சக்கரம்

"இந்தாங்க டீச்சர், உங்க கேமரா. எனக்கும் இதுக்கும் ஒத்துவராது" என்றார் வைகுண்டமணி.

மரகதவல்லி கை நீட்டவில்லை. அவர் வயதில் பாதிகூட இருக்காது அவளுக்கு. ஆனால் அந்த ஊரில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க அவளை விட்டால் ஆள் இல்லை. பழகிப் பார்க்கட்டும் என்று தன் கேமராவையே போன வாரம் அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"எதைப் பார்த்தாலும் கலங்கலாத் தெரியுது. சாயங்காலம் எம் மக தோஹாவுக்கு வேலைக்குக் கிளம்புதா. அவ முகத்தை ஒரு படம் எடுத்து வீட்டுல மாட்டணும்னு ஆசைப்பட்டேன். கொடுத்து வைக்கலை."

"இதுவரைக்கும் எத்தனை எடுத்தீங்க?"

"தெளிவாத் தெரிஞ்சாத்தானே அமுக்க முடியும்?"

மனிதர் சும்மாவும் இருக்கவில்லை. கேமராவின் பொத்தான் ஒவ்வொன்றையும் ஒரு கை பார்த்திருந்தார். நிலாப் படம் போட்டதை வைத்துப் பார்த்தார். பூப் படம் போட்டதை வைத்துப் பார்த்தார். தேதியைக்கூட மாற்றிப் பார்த்தார். லென்ஸை வேட்டி நுனியால் துடைத்ததை மட்டும் டீச்சரிடம் சொல்லவில்லை.

அவள் கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தாள்.

"எனக்குப் பளிச்சுனு தெரியுதே."

வைகுண்டமணியின் முகம் தொங்கிப்போனது.

"அப்போ கோளாறு என்கிட்டதான்."

கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மிளகளவில் ஒரு சக்கரம் இருந்தது. அவள் கண்ணை எடுக்காமலே அதைத் திருப்பினாள்.

"இப்போ எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்று அவரிடம் நீட்டினாள். "இது அவங்கவங்க பார்வைக்குத் தக்கபடி வச்சுக்கிறது. மிச்சத்தை நீங்க திருப்புங்க."

வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவர் கண்ணை வைத்தார். மெல்லத் திருப்பினார்.

முதலில் கேமராவுக்குள் கீழே ஓரமாகத் தெரியும் எண்கள் தெளிந்தன. பிறகு வாசல். பிறகு வாதாமரம். மரத்தடியில், ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்த மகள் சுபிதா.

அவள் நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரமாகச் சிரித்த முகமாகவே திரிந்த பிள்ளை. அவளுக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அமுக்கினார்.

சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தாள்.

"சொல்லாமலே எடுத்துட்டீங்களாப்பா? கொடுங்க, நானும் உங்களை ஒண்ணு எடுக்கேன். அங்க கொண்டு போறதுக்கு."

வாங்கிக் கண்ணில் வைத்தாள். முகம் சுளித்தாள்.

"என்னப்பா இது, ஒரே மங்கலா இருக்கு."

வைகுண்டமணி டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் வாதாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சக்கரம் இருக்கும்மா" என்றார் அவர். "அதைத் திருப்பு."

"எவ்வளவு திருப்பணும்?"

"நான் தெரியுற வரைக்கும்."