கடைசி ரெய்டு

செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் ஓர் ஊரில் பெண்கள் கபடிக் குழு ஒன்று இருந்தது. அதன் குரு தங்கபுஷ்பம். வயது முப்பத்து நான்கு. முழங்கால் இரண்டு முறை போய், ஆடுவதை விட்டவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'.

சீடர் எபனேசர். வயது நாற்பத்தாறு. பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று, தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய பெண்ணிடம் கைகட்டி நின்றவர். அதற்கே ஒரு தைரியம் வேண்டும். அது அவரிடம் இருந்தது. மற்ற தைரியம்தான் ஒரு வருஷமாக ஆட்டம் கண்டிருந்தது.

எல்லாம் போன வருஷத்து மாவட்ட இறுதி ஆட்டத்தால் வந்தது.

அன்று மாஸ்டர் காய்ச்சலில் படுத்திருந்தார். எபனேசர்தான் குழுவைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு புள்ளி பின்தங்கிய நிலை. கடைசி ரெய்டு. பாடிக்கொண்டு எதிரணிக்குள் போக வேண்டியவள் பேச்சியம்மாள்.

எதிரணிக் களத்தின் உள்ளே ஆழத்தில் போனஸ் கோடு இருக்கிறது. அதைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பினால் ஒரு புள்ளி. ஆட்டம் சமன், கூடுதல் நேரம் கிடைக்கும். கோட்டையும் தாண்டி, எதிரணியில் ஒருத்தியையும் தொட்டுவிட்டு வந்தால் இரண்டு புள்ளி. கோப்பை கையில். தொடப்போய்ப் பிடிபட்டால் அத்தோடு வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"போனஸ் மட்டும் எடு," என்று எபனேசர் சொல்லி அனுப்பினார்.

பேச்சி பாடிக்கொண்டு உள்ளே போனாள். பாதி தூரத்தில் எதிரணி மூலையில் ஒரு பெண் கால் தடுமாறியது எபனேசர் கண்ணில் பட்டது. நாக்கு சும்மா இருக்கவில்லை.

"தொடு! தொட்டுட்டு வா!"

பேச்சி ஒரு கணம் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஏழு பேர் அவள் மேல் விழுந்தார்கள்.

அதன் பிறகு ஊர் போனஸ் கட்சி, தொடு கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. டீக்கடையில் இதே பேச்சு. ரேஷன் கடை வரிசையில் இதே பேச்சு. சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் எபனேசரை ஓரமாகக் கூப்பிட்டு, போனஸே போதும் என்பது தன் தாழ்மையான அபிப்பிராயம் என்றார். வாழ்நாளில் பத்து விநாடி மூச்சுப் பிடித்துப் பாடியறியாதவர்கள் எல்லாம் கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு கோடு போட்டுக் காட்டினார்கள்.

எபனேசர் காலையில் போனஸ் கட்சியில் இருப்பார், சாயங்காலம் தொடு கட்சிக்குத் தாவிவிடுவார். உள்ளுக்குள் அவமானமாக இருந்தது. பேச்சியின் முகத்தைப் பார்த்துப் பேசவே முடியவில்லை.

ஒருநாள் மாஸ்டரிடமே கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், அன்னைக்கு எது சரி? போனஸா, தொடுறதா?"

தங்கபுஷ்பம் களத்துக் கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"போனஸ் எடுத்துட்டு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க அண்ணாச்சி?"

"போனஸ்தான் சரின்னு சொல்லியிருப்பேன்."

"ஒருத்தியத் தொட்டுட்டு வந்திருந்தா?"

"தொட்டதுதான் சரின்னு..."

"அப்போ இத பேச்சி கால்கிட்டல்லா கேக்கணும். எங்கிட்ட எதுக்கு கேக்கீங்க?"

மாஸ்டர் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தார்.

"பனியனோட உள்ள இறங்குங்க."

"நானா?"

"நீங்கதான். ரெய்டு போங்க. ஏ பிள்ளைகளா, அண்ணாச்சி வாராவ. பிடிங்க."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எபனேசர் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு, "கபடி, கபடி, கபடி" என்று இறங்கினார்.

"போனஸ்!" என்று மாஸ்டர் கத்தினார்.

எபனேசர் நேராகப் போனார்.

"வேண்டாம், இடது பக்கம் தொடுங்க!"

எபனேசர் இடது பக்கம் திரும்பினார்.

"ஐயோ, வலது பக்கம்! வலது!"

எபனேசர் எந்தப் பக்கமும் போகவில்லை. தேரி மண்ணுக்குத்தான் போனார். பேச்சியே அவர் கணுக்காலைப் பிடித்திருந்தாள். ஒரு வருஷத்துக் கோபம் முழுவதும் அந்தப் பிடியில் இருந்தது.

வாயில் இருந்த மண்ணைத் துப்பிவிட்டு அவர் எழுந்தார்.

"நீங்க கத்துனதுல ஒண்ணுமே ஓடலை மாஸ்டர்."

"நான் சொன்ன மூணுல எது தப்பு?"

எபனேசர் யோசித்தார். மூன்றில் எதுவுமே தப்பில்லை. ஏதாவது ஒன்றை நம்பி நேரே போயிருந்தால் புள்ளி கிடைத்திருக்கும். பேச்சி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"பேச்சி, அன்னைக்கு நான்தான் கெடுத்தேன்," என்றார்.

"தெரியும் சார்," என்றாள் அவள்.

அன்றிலிருந்து எந்தப் பயிற்சி ஆட்டத்திலும், ஒருத்தி நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் எபனேசரின் வாய் மூடிக்கொள்ளும். முதல் வாரம் அது அவருக்குப் பல்வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த வருஷமும் குழு மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு வந்தது. மாஸ்டருக்கு மதுரையில் வேலை கிடைத்திருந்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு எபனேசர் குழுவை எடுக்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் குழு கலைந்துவிடும். வேறு ஆள் கிடையாது.

"முடிவெல்லாம் இன்னைக்கு நீங்கதான். நான் தண்ணி குடுக்க வந்திருக்கேன்," என்றார் மாஸ்டர். "சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லிருங்க. டீமை எடுத்துக்கிடுதீங்களா, இல்லையான்னு."

காலம் சில சமயம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கும். அன்றும் ஒரு புள்ளி பின்தங்கல். அன்றும் கடைசி ரெய்டு. எதிரணியில் ஏழு பேரும் களத்தில் இருந்தார்கள்.

எபனேசர் டைம் அவுட் கேட்டார். முப்பது விநாடி. பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"சார், போனஸ் மட்டும் எடுத்துட்டு வந்துரட்டா?" பேச்சிக்கு மூச்சு வாங்கியது.

எபனேசர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஈரத் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், "போனஸை எடுக்கச் சொல்லும்வே! போன வருஷம் பட்டது போதாதா?" என்று கத்தினார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர், "தொட்டுட்டு வரச் சொல்லும்வே!" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்தினார்.

எபனேசர் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. ஜெபராணியின் காலைப் பார்த்தார். மூலையில் நின்று பிடிக்கிற பெண் அவள். கணுக்கால் வீங்கிக் கிடந்தது.

"ஜெபா, இன்னும் பத்து நிமிஷம் நிப்பியா?"

"நிப்பேன் சார்."

"உண்மையச் சொல்லு."

"...முடியாது சார்."

அவள் இல்லாமல் கூடுதல் நேரம் ஆடுவது, கதவில்லாத வீட்டுக்குக் காவல் இருப்பதுபோலத்தான். எபனேசர் பேச்சியின் தோளைப் பிடித்தார்.

"போனஸ் எடு. எடுத்துட்டு நேரா வந்துராத. நமக்கு வலது மூலையில நிக்கால்லா, முழங்கால்ல நீலக் கட்டு போட்டவ. காலையில இருந்து மூணு ஆட்டம் ஆடியிருக்கா. குனியறதுக்கு நேரம் எடுக்கா. அவளத் தொட்டுட்டு வா. நமக்கு ரெண்டு வேணும்."

"பிடிச்சிட்டாங்கன்னா?"

"நான்தான் போகச் சொன்னேன்னு சொல்லு. கேக்கவன்கிட்ட எல்லாம் சொல்லு."

பேச்சி அவரை ஒரு நொடி பார்த்தாள். "நடுவுல எதுவும் சொல்லமாட்டீங்கல்லா?"

"மாட்டேன்."

அவள் கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு போனாள்.

"கபடி, கபடி, கபடி..."

போனஸ் கோட்டை நோக்கி மெதுவாக உள்ளே போனாள். இடது பக்கம் ஒரு பெண் வெகுவாக முன்னால் வந்துவிட்டாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். சுலபமான புள்ளி. கூட்டம் மொத்தமும், "இடது! இடது!" என்று அலறியது.

எபனேசரின் வாய் திறந்தது. அவர் அதை மூடினார். தாடை வலித்தது.

பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வலது கால் போனஸ் கோட்டுக்கு அப்பால் மண்ணில் பட்டது. பின்கால் விதிப்படி அந்தரத்தில் நின்றது. ஒரு புள்ளி. எல்லோரும் அவள் திரும்புவாள் என்று நினைத்தார்கள். அவள் வலது மூலைக்குப் பாய்ந்தாள். நீலக் கட்டுக்காரி குனிவதற்குள் பேச்சியின் கை அவள் தோளில் பட்டுவிட்டது. ஆனால் அடுத்தவள் சுதாரித்துக்கொண்டாள். பேச்சியின் இடுப்பில் ஒரு பிடி, தொடையில் ஒரு பிடி. பிடித்த இருவரையும் இழுத்துக்கொண்டு பேச்சி நடுக்கோட்டை நோக்கி விழுந்தாள். மேலே இன்னும் இருவர் விழுந்தார்கள்.

புழுதி எழுந்தது. அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. விரல்கள் நடுக்கோட்டின் மேல் கிடந்தனவா, கோட்டைத் தொடாமல் நின்றுவிட்டனவா என்று பெஞ்சிலிருந்து தெரியவில்லை. தொட்டிருந்தாலும் அது கபடிப் பாட்டு முடிவதற்கு முன்பா, முடிந்த பின்பா என்பதும் தெரியவில்லை.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. கையைக் காட்டி, கோட்டருகே நின்ற மற்ற இருவரையும் கூப்பிட்டார். மூவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு பேசினார்கள். கயிற்றுக்கு வெளியே அதற்குள் கட்சி பிரிந்துவிட்டது. ஒரு பக்கம் துண்டை வீசி ஆடினார்கள். இன்னொரு பக்கம், "நான்தான் சொன்னேன்ல, இந்தாளு பேச்சைக் கேட்டா இப்படித்தான்," என்றார்கள்.

எபனேசர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் சொல்லி அனுப்புனது சரியா, தப்பா?"

தங்கபுஷ்பம் களத்தைப் பார்க்கவில்லை. எபனேசரின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் விசில் ஊதல. இப்பவே நீங்க சொல்லிருங்க. ஊதினதுக்கு அப்புறம் சொல்ல ஊரே இருக்கு."