நாற்பது பித்தளைக் கிளிகள்

வேங்கூர் அரசன் விசயகண்டனிடம் ஒரு பெரிய குறை உண்டு. யாராவது நீட்டி முழக்கிப் பேசினால் போதும், அப்படியே நம்பிவிடுவான். அந்தக் குறையில் நன்றாகக் குளிர் காய்ந்துகொண்டிருந்தவர் எந்திர வித்தகர் அனந்தகோடி.

அரண்மனை மேல்மாடத்தில் நாற்பது தொட்டிகளில் ரோஜாச் செடிகள் இருந்தன. கடல் கடந்து வந்தவை. அரசிக்கு அவை என்றால் உயிர். ஏழு வருஷமாக அவற்றை வளர்த்தவள் தோட்டக்காரி காத்தாயி. தொட்டி மண்ணில் விரலை விடுவாள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுவாள், ஈரமிருந்தால் அடுத்த தொட்டிக்குப் போய்விடுவாள். செடிகளும் பூத்துக் குலுங்கின.

வித்தகருக்கு இது பொறுக்குமா?

"அரசியாரின் ரோஜாவுக்கு ஒரு தோட்டக்காரியின் அழுக்கு விரலா அளவுகோல்?" என்று சபையில் மூக்கைச் சுளித்தார். மறுமாதமே ஒரு கருவியோடு வந்து நின்றார். ஓட்டைகள் போட்ட செப்புக் குழாய், அதற்குள் சணல் நார், உச்சியில் ஒரு பித்தளைக் கிளி. மண்ணில் செருகினால் ஈரத்தில் நார் ஊறும், கிளி தலை குனியும். மண் காய்ந்தால் நாரும் காயும், கிளி தலை நிமிரும். தொட்டிக்கு ஒன்றாக நாற்பது கிளிகள். அரசன் சொக்கிப்போய் வித்தகரின் பத்து விரல்களுக்கும் மோதிரம் போட்டான்.

வித்தகர் அதோடு விட்டாரா? அரசனின் முத்திரையை வாங்கி, மாடத்து வாசலில் ஒரு கட்டளையும் எழுதி மாட்டினார். "கிளி தலை நிமிராமல் இந்த மாடத்தில் எவரும் ஒரு சொட்டு நீரும் ஊற்றலாகாது. மீறினால் இருபது கசையடி."

ஒரு மாதம் போயிற்று. இருபத்தாறு செடிகள் சருகாகிவிட்டன. நாற்பது கிளிகள் மட்டும் குனிந்த தலை நிமிரவே இல்லை.

"கருவி பொய் சொல்லாது அரசே!" என்று வித்தகர் முழங்கினார். "இந்தத் தோட்டக்காரிதான் பொறாமையில் வேருக்கு வெந்நீர் ஊற்றியிருக்கிறாள்!"

நீட்டி முழக்கியாயிற்று, அரசனும் நம்பியாயிற்று. நாளை பொழுது சாய்வதற்குள் காத்தாயி பிள்ளைகுட்டிகளோடு நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு.

அவள் அழுதுகொண்டே சபை அதிகாரி செவ்வந்தியப்பனிடம் ஓடினாள். அரசனிடம் சிரித்துக்கொண்டே நியாயம் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

"மண்ணு புழுதியாக் கெடக்குது சாமி. கிளி குனிஞ்சே நிக்குது. நான் என்ன செய்ய?"

மறுநாள் விடிந்ததும் செவ்வந்தியப்பன் மாடத்துக்குப் போனான். போனவன் வாயைப் பிளந்தான். வித்தகரின் ஆட்கள் ஒவ்வொரு கிளியாகப் பிடுங்கி, பன்னீர் அண்டாவில் முக்கி, குளிப்பாட்டி, மறுபடி மண்ணில் செருகிக்கொண்டிருந்தார்கள். அரசன் கண்ணில் படும் பொருள் எதுவானாலும் தினம் பன்னீரில் குளிக்க வேண்டும் என்பது அந்த அரண்மனையின் வழக்கம். செங்கோல் முதல் செருப்பு வரை எதுவும் அதற்குத் தப்பாது.

'அட முட்டாள் கூட்டமே! நார் பன்னீரில் ஊறிக் கிடக்கிறது. கிளி பன்னீரை அளக்கிறது, மண்ணை அல்ல' என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் போய்ச் சொன்னால் வித்தகர் இன்னும் உரக்க முழங்குவார். உண்மை அவர் வாயாலேயே வர வேண்டும்.

அன்று உச்சிவெயிலில் மாடத்திலேயே வித்தகருக்கு ஒரு பாராட்டு விருந்து ஏற்பாடு செய்தான். அரசனும் வந்தான். அரசனுக்குக் குளுகுளு என்று நுங்கு. வித்தகருக்குத் தட்டு நிறையப் பொரிவிளங்காய் உருண்டை. கல்லாட்டம் இருந்தது, கடித்தால் மாவு.

"வித்தகருக்குப் பிடிக்குமே என்று நானே சொல்லிச் செய்தது" என்று செவ்வந்தியப்பன் குழைந்தான்.

புகழ்ச்சி என்றால் வித்தகர் கல்லையும் தின்பார். மூன்று உருண்டைகள் உள்ளே போயின. நான்காவதில் மாவு தொண்டையை அடைத்தது.

"விக்! தண்ணீர்... விக்!"

செவ்வந்தியப்பன் செம்பை எடுத்தான், தொட்டிப் பக்கம் பார்த்தான், செம்பைக் கீழே வைத்துவிட்டான்.

"கிளி குனிந்திருக்கிறதே, வித்தகரே."

"அது செடிக்கு... விக்... செடிக்குப் போட்ட கட்டளை!"

"'இந்த மாடத்தில் ஒரு சொட்டு நீரும்' என்று எழுதியது நீங்கள். முத்திரை அரசருடையது. எனக்கு இருபது கசையடி தாங்காது."

வித்தகரின் கண்கள் பிதுங்கின. "காய்கிறது... விக்... எனக்குக் காய்கிறது!"

"காயவில்லை, நல்ல ஈரம் என்று நாற்பது கிளிகள் சொல்கின்றன. நீங்கள் ஒருவர். கருவி பொய் சொல்லுமா?"

"சொல்லும்! பொய்தான் சொல்கிறது!" வித்தகர் அலறினார். "தினம் பன்னீரில் முக்கினால் நார் எப்படிக் காயும்? இந்தக் கிளி ஜென்மத்துக்கும் நிமிராது! எனக்கு அன்றைக்கே தெரியும்! தண்ணீர் கொடுங்களய்யா!"

அரசனின் கையிலிருந்த நுங்கு நழுவியது.

"அன்றைக்கே தெரியுமா?" என்றான் அரசன்.

வித்தகர் விக்கிக்கொண்டே செம்பை நோக்கிக் கையை நீட்டினார்.

அரசன் முதலில் முறைத்தான். பிறகு குனிந்த கிளிகளையும் பிதுங்கிய கண்களையும் மாறி மாறிப் பார்த்தான். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தானே செம்பை எடுத்து வித்தகரிடம் நீட்டினான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பன் கழுத்தில் போட்டான். வாசலில் மாட்டியிருந்த கட்டளையைக் கிழித்தெறியச் சொன்னான். காத்தாயி போக வேண்டாம் என்று உத்தரவாயிற்று. மிச்சமிருக்கும் பதினான்கு செடிகளும் தளிர்க்கும் வரை வித்தகர் கிணற்றிலிருந்து நீர் சுமந்து வந்து, காத்தாயி சொல்படி ஊற்ற வேண்டும்.

மறுநாள் காலை வித்தகர் மூச்சிரைக்கக் குடத்தை இறக்கி வைத்தார். விறைப்பு மட்டும் குறையவில்லை.

"எந்தத் தொட்டிக்கு ஊற்ற வேண்டும்? எனக்கு எப்படித் தெரியும்?"

காத்தாயி அவருடைய கைகளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விரல விட்டுப் பாருங்க சாமி. மொதல்ல அந்த மோதிரத்த எல்லாம் கழட்டுங்க."