ஒரே வாளி

புதுச் சிவப்புச் சுங்குடியையும் வெள்ளைப் புடவையையும் ஒரே வாளியில் ஊறப் போட்டுவிட்டு, அப்புறம் தலையில் கை வைத்து உட்காராதவர்கள் நம்மில் யாராவது உண்டா? போலீஸ் ஏட்டம்மா மங்கையர்க்கரசியும் அன்றைக்கு அதைத்தான் செய்தாள். என்ன செய்வாள், கை வாளியில் இருந்தது, மனசு கோர்ட்டில் இருந்தது.

லீவு கிடைத்தால் ஆற்றங்கரை மடத்துக்கு வந்துவிடுவாள். அங்கே இருக்கிற சாமியம்மாதான் அவளுக்குக் குரு. அவளைவிட இளையவர்தான். அவர் புடவையைத் துவைத்துக் கொடுத்து, ரெண்டு வார்த்தை கேட்டுப் போனால் இவளுக்கு மனசு ஆறும்.

அன்றைக்குக் கிணற்றடியில் வாளியை வைத்த கையோடு சாமியம்மாவிடம் வந்து பொரிந்து தள்ளினாள்.

"கொலைக் கேஸும்மா. நாளைக்கு நான் சாட்சிக் கூண்டுல ஏறணும். பிடிபட்டவன் சட்டையில செத்தவரோட ரத்தம் இருக்குன்னு லேப்ல சொல்லிட்டாங்க. ஆனா அன்னைக்குக் கொட்டுற மழை. கையில ஒரே ஒரு கவர். ரெண்டு பேர் சட்டையையும் நான்தான் ஒண்ணாப் போட்டுக் கட்டினேன்."

"ஈரத்தோடயா?"

"சொட்டச் சொட்ட. தனித்தனியாக் கட்டினதாச் சொல்லிடுங்கறார் இன்ஸ்பெக்டர். உள்ளதைச் சொன்னா கேஸ் நிக்காது. அவன் பழைய திருடன்மா. அவன்தான் செஞ்சிருப்பான். ஆயுசுக்கும் உள்ளே கிடக்க வேண்டியவன். நான் என்ன சொல்லட்டும்?"

சாமியம்மா எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாளியிலிருந்து தன் வெள்ளைப் புடவையை மட்டும் பிழிந்து எடுத்து வந்தார். அதில் அங்கங்கே சிவப்புத் திட்டு.

"சடையாண்டி!"

மடத்துச் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். அவருக்கு வெற்றிலை என்றால் உயிர். கண்ட இடத்தில் துப்பிப் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவர். இனி போட்டால் மடத்தை விட்டே போய்விடுகிறேன் என்று போன மாசம்தான் சத்தியம் செய்திருந்தார்.

"இது என்ன?" புடவையை விரித்துக் காட்டினார் சாமியம்மா.

"நான் இல்லைம்மா."

"போன தடவையும் இல்லைன்னுதானே சொன்னீங்க?"

சடையாண்டி சிவக்காத நாக்கை நீட்டிக் காட்டினார். யாரும் பார்க்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனவர், தன் துணிப்பையோடு வாசலுக்கு வந்தார்.

ஏட்டம்மாவுக்குச் சுருக்கென்றது.

"அண்ணே, நில்லுங்க! அம்மா, அது என் சுங்குடிச் சாயம். நான்தான் ரெண்டையும் ஒரே வாளியில போட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"சாயத்துக்கு நடுவுல வெத்தலையும் இருக்கலாமே? பழக்கப்பட்ட ஆளு" என்றார் சாமியம்மா.

"இருக்கலாம்மா." ஏட்டம்மா மெல்லச் சொன்னாள். "ஆனா இந்தப் புடவையைக் காட்டி இனிமே அதைச் சொல்ல முடியாது."

சாமியம்மா புடவையை அவள் தோளில் போட்டார்.

"நாக்கைக்கூட நீட்டினேனே, ஒருத்தராவது பாத்தீங்களா?" என்று முணுமுணுத்தார் சடையாண்டி.

ஏட்டம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மழை நாளிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் ஒன்று இறங்கின மாதிரி மூச்சு விட்டாள்.

"நாளைக்கு ஒரே கவர்னுதான் சொல்லப் போறேன்மா. இன்ஸ்பெக்டர் கத்துவார். கத்தட்டும். நான் சொல்றது சரிதானே?"

சாமியம்மா வாசலைக் காட்டினார்.

"அவர் இன்னும் பையோட நிக்கிறார். முதல்ல அதை வாங்கிக் கீழே வையுங்க, ஏட்டம்மா."