ஏழாவது ஜன்னல்

கடற்கரைக் கோயிலின் கிழக்குச் சுவரில் ஏழு வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன. புயல் ஒன்றைக் கொண்டுபோயிற்று. மீதி ஆறிலும் ஒவ்வொரு புனிதர் நின்றார். போனதில் யார் நின்றார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. படமும் இல்லை.

புதிய ஜன்னல் செய்யும் வேலை சூசைமிக்கேலிடம் வந்தது. அறுபது வயது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய கை. தன்னைவிட இருபது வயது இளைய ஞானப்பூவிடம் கண்ணாடி வேலை கற்றுக்கொண்டிருந்தார். இதுதான் அவருடைய முதல் ஜன்னல்.

பங்குத்தந்தை சொல்லிவிட்டார்: “பழசோட சேரணும். சேரலைன்னா செங்கல் வச்சு அடைச்சிருவோம். திருவிழாவுக்கு ஓட்டையோட நிக்க முடியாது.”

சூசைமிக்கேல் ஆறு ஜன்னல்களையும் அளந்தார். அதே கொடி வேலைப்பாட்டு ஓரம், அதே தாடி, அதே ஒளிவட்டம். வரைந்துகொண்டுவந்து ஆசிரியை முன் விரித்தார்.

“சேருதா, டீச்சர்?”

“ஆறு பேருக்கும் ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்காரு, அண்ணாச்சி.”

அவர் முகம் சுருங்கியது. “பின்னே எப்படித்தான் சேக்கிறது?”

“நாளைக்குக் காலைப் பூசைக்குப் போங்க. மேலே மட்டும் பாக்காதீங்க.”

போனார். சனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு ஜன்னல்களின் நிறமும் அவர்கள் மேல் இறங்கியிருந்தது. பலகை அடித்த ஏழாவதன் கீழே, பெண்களின் ஒரு வரிசை மட்டும் சாம்பலாகக் கிடந்தது.

பூசை முடிந்து, அந்த வரிசையில் இருந்த மீன்காரி இஞ்ஞாசியம்மாளிடம் கேட்டார்.

“அக்கா, இதில யாரு இருந்தாரு?”

“யாரு கண்டா? பூசை நேரத்துல அண்ணாந்து பாத்தா உபதேசியார் முறைப்பாரு.” அவள் இரண்டு கைகளையும் விரித்தாள். “பாதர் அப்பத்தை உயர்த்த, மணி அடிக்கையில இங்க நீலம் விழும். செதில் ஒட்டின கை. அந்த நேரம் மட்டும் ராணி கை.”

பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. “எம் மடியில விழுந்த பச்சையை விட்டுட்டியே!”

“நீ என்னைக்கு மணிக்கு முன்னால வந்திருக்க?”

மறுநாளிலிருந்து சூசைமிக்கேல் அந்த இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தார். பலகையைக் கழற்றி, கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்தார். நீலம் அமைந்தது. பச்சையும் அமைந்தது. புனிதரின் முகத்தை வைத்ததும், அதற்குத் தீட்டிய மையின் நிழல் இஞ்ஞாசியம்மாளின் கைகள் இருக்கும் இடத்தில் விழுந்தது.

ஞானப்பூவிடம் ஓடினார்.

“முகம் வச்சா கையில கறுப்பு விழுது, டீச்சர். எடுத்தா பாதர் செங்கலை எடுப்பாரு. நான் என்ன செய்ய?”

கண்ணாடி அறுக்கும் கருவியை அவள் அவர் பக்கம் நகர்த்தினாள்.

“ஜன்னல் உங்களோடது, அண்ணாச்சி.”

விடியும்வரை அவர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துவிட்டார்.

திருவிழாக் காலை. பலகைகள் இறங்கின. ஜன்னலில் நீலக் கண்ணாடிக் கடல் மட்டும் இருந்தது. ஓரத்தில் பச்சை. பங்குத்தந்தை அண்ணாந்து பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது. அதற்குள் வருகைப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். பீடத்துக்குப் போய்விட்டார்.

சூசைமிக்கேல் கடைசித் தூணோடு ஒட்டி நின்றார். பக்கத்தில் ஞானப்பூ.

மணி அடித்தது.

நீலம் இறங்கியது. இஞ்ஞாசியம்மாள் கைகளை ஏந்தினாள். ஏந்திய கை நிறைந்தது. அடுத்தவளின் மடியில் பச்சை விழுந்தது. அவள் கோயில் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தாள். முறைக்க வந்த உபதேசியார், தன் வெள்ளைச் சட்டை நீலமாவதைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

அடுத்த பாட்டை அந்த வரிசைதான் முதலில் எடுத்தது. கோயில் முழுவதும் சேர்ந்துகொண்டது. கூரைப் புறாக்கள் பறந்து கடல் பக்கம் போயின. சூசைமிக்கேலுக்குப் பாட வரவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

பூசை முடிந்து பங்குத்தந்தை நேராக இருவரிடமும் வந்தார்.

“கொத்தனாரை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கணும். மத்த ஆறிலும் ஒரு புனிதர் இருக்கார். இதில எங்கே?”

சூசைமிக்கேல் ஞானப்பூவைத் திரும்பிப் பார்த்தார்.

ஞானப்பூ இன்னும் எழுந்திருக்காத அந்த வரிசையைப் பார்த்தாள்.

“கீழே உட்கார்ந்திருக்காங்க, பாதர்.”