மடை திறந்த ஒச்சாயி

சண்டை முடிந்து வருசம் ஒன்றாகியும் ஜெயித்த படை ஊரைவிட்டுப் போகவில்லை. ஊருக்கிருந்த ஒரே நெல்வயலில் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தது. ஊரோ கஞ்சிக்கு அவர்களிடம் கையேந்தியது.

எப்போது போவீர்கள் என்று ஊரார் கேட்டார்கள். தளபதி மீசையை நீவினார். "உங்களைச் சொந்தக் காலில் நிற்க வைக்கத்தானே இருக்கிறோம்? உங்கள் சோற்றை நீங்களே விளைவியுங்கள், போய்விடுகிறோம்." அதைத் தண்டோராவும் போடச் சொன்னார்.

வயலில் படை இருக்க, எங்கே விளைவிப்பது? எல்லோரும் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். ஏரி மடையைத் திறந்து மூடும் ஒச்சாயி மட்டும், "உத்தரவு சாமி" என்று கும்பிட்டாள்.

விடிந்ததும் மடையைத் திறந்துவிட்டாள். கூடாரங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. முழங்கால் சேற்றில் நின்று தளபதி கத்தினார்.

"எவன்டா திறந்தது?"

"நான்தான் சாமி. விளைவிக்கச் சொல்லித் தண்டோரா போட்டீங்களே! தண்ணி பாய்ச்சாம எப்படி உழுறது? ஏரும் மாடும் பின்னாலேயே வருது."

"என் சிப்பாய்கள் எங்கே போய்ப் படுப்பார்கள்?"

"ஏன் சாமி, அவங்களுக்குச் சொந்த ஊர்ல வீடு இல்லையா?"

சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடாரத்தின் முதல் முளைக்குச்சியைப் பிடுங்கியது தளபதியின் சிப்பாய்தான்.